செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

ஆடு காணோம் என்று ஒன்பது நாளாக ஸ்டேஷனுக்கு நடந்தாள் செவத்தியம்மாள். வீட்டில் அவளோடு இருந்த ஒரே உயிர் அது. தினமும் பெஞ்சில் உட்காரவைத்து, மனுவை வாங்காமலே அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

பத்தாம் நாள் டி.எஸ்.பி. ஆய்வுக்கு வந்தார்.

"இன்னைக்குத்தான் வந்தேன்னு சொல்லு. இல்லேன்னா ஆட்டை மறந்துடு" என்று மிரட்டினார் இன்ஸ்பெக்டர்.

அப்படியே சொன்னாள். டி.எஸ்.பி. தண்ணீர்ப் பானையைத் திறந்தார்.

"அது போன செவ்வாக்கிழமை புடிச்ச தண்ணிங்கய்யா. ரைட்டர் மேசைக்கு அடியில நல்ல தண்ணி கேன் இருக்கு" என்றாள் செவத்தியம்மாள்.

டி.எஸ்.பி. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "இன்னைக்கு வந்த அம்மாவுக்கு உங்க ஸ்டேஷன் நல்லாவே தெரியுதே."

அரைமணியில் மனு ரசீது கைக்கு வந்தது. வீட்டில் அதைக் காட்ட ஆளில்லை. ஆடு கட்டும் கயிற்றின் முனையில் முடிந்துவைத்தாள்.