ஏழு ஸ்பானரும் ஒரு உருண்டை மாவும்

உறைந்த ஏரியில் வண்டியோட்டப் போட்டி தொடங்க இன்னும் நாற்பது நிமிடம். பனியில் ஓடும் தவநேசனின் ஸ்னோ ஸ்கூட்டரிலிருந்து ஒயில் சொட்டியது.

பெரிய ஒழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது ஊரே குடிக்கும் தண்ணீர். மேலே ஒரு மீட்டர் கனத்துக்கு உறைந்து கிடந்தாலும் கீழே ஏரி ஏரிதான். பரிசோதிக்க வந்த நோர்வேக்காரர் வண்டிக்கு அடியில் வெள்ளைக் கடதாசி ஒன்றை விரித்து, மூன்று நிமிடம் நின்று, அதில் விழுந்த கறுப்புப் பொட்டைக் காட்டினார்.

"பத்து மணிக்குள் கடதாசி வெள்ளையாக இருந்தால் ஓடலாம்," என்றார். கெட்ட மனிதரில்லை. சொல்லும்போது அவருக்கே முகம் வாடிப்போயிற்று.

தவநேசன் ஸ்பானர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேயின் வடகோடிக்கு வந்து, மீன் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். ஒவ்வொரு பங்குனியிலும் ஆலைச் சாப்பாட்டறை யன்னலால் இந்த ஓட்டத்தைப் பார்த்தபடி பாணைக் கடித்தவர். ஒரே ஒரு தரம் அந்த ஐஸில் தானும் ஓடவேண்டும் என்று ஆசை. போன வருடம் ஆலையில் ஆள் குறைத்தபோது இவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஐம்பத்திரண்டு வயசாச்சு, இனி ஓய்வெடுங்கோ" என்று சொந்தக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்தக் கோபத்திலேயே எழும்பிப் போய், ஸ்னோ ஸ்கூட்டர் திருத்தும் கராச்சில் வேலை பழகச் சேர்ந்தார்.

கராச் சாருமதியுடையது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. தனக்கு வேலை பழக்குகிறவள் என்று இவர் அவளை "ரீச்சர்" என்பார். முதலில் பகிடிக்குத்தான் சொன்னது. ஒரு மாதத்தில் பகிடி போய்விட்டது, ரீச்சர் நின்றுவிட்டது.

கரையில் தமிழ்ச் சங்கம் போட்டிருந்த கொத்துரொட்டிக் கடையடியில் அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றாள். தவநேசன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ரீச்சர், ஒயில் ஃபில்டரடியிலை ஒழுகுது."

"கழட்டிப் பாருங்கோ அண்ணை."

"கழட்டேலாமல்தானே ஓடி வாறன். கை வைச்சுத் திருப்பினால் அசையுதில்லை. புகைக்குழாயைக் கழட்டினால் இடம் வரும், ஆனால் அதுக்கே ஒரு மணித்தியாலம் போம்." கையிலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழு ஸ்பானர். சங்கிலி போட்டு இறுக்குவது, வார்ப்பட்டி சுற்றுவது, நண்டுக்கால் மாதிரிக் கவ்வுவது, எல்லாம் பளபளவென்று கிடந்தன. "இதிலை எதைப் போட?"

"நீங்கள் எதைப் போடுவியள்?"

"சங்கிலிதான். அதுதான் பலம்."

"போடுங்கோ," என்று கரையோரம் நின்ற வண்டியடிக்குக் கூடவே வந்தாள்.

போட்டார். சங்கிலி நன்றாகத்தான் கவ்வியது. ஆனால் பிடி ஒரு விரல் அகலம் நகர்ந்ததும் புகைக்குழாயில் முட்டியது. அதற்கு மேல் நகர இடமில்லை. வார்ப்பட்டி ஒயிலில் வழுக்கியது. நண்டுக்கால் உள்ளே போகவேயில்லை. அவருடைய விரல் மொளியில் தோல் போனதுதான் மிச்சம்.

"ரீச்சர், இருபத்தஞ்சு நிமிசம்தான் இருக்கு. எதெண்டு சொல்லுங்கோவன்."

சாருமதி கடைப் பக்கம் திரும்பினாள். தட்டில் ரொட்டி போட்டுக்கொண்டு நின்றது தவநேசனின் மனைவி யோகமலர்.

"அக்கா, ஒரு உருண்டை மா தாங்கோ."

"என்னத்துக்கு? வண்டிக்கும் பசிக்குதோ?"

கேட்டாலும் கொடுத்தாள். சாருமதி அதைக் கொண்டுபோய், ஃபில்டரைச் சுற்றியுள்ள இடைவெளியில் வைத்து விரல்களால் அமத்தினாள். கொஞ்சம் பொறுத்து, உருக்குலையாமல் மெல்ல வெளியே எடுத்து, தவநேசனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்கோ."

தவநேசன் பார்த்தார். குழாய்ப் பக்கம் மா அப்பளம் மாதிரித் தட்டையாகிப் போயிருந்தது. வண்டிச் சட்டத்தின் பக்கமும் அப்படியே. ஃபில்டரின் முன்பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி அளவு முழுசாக நின்றது.

"பக்கத்தாலை இடமில்லை," என்றார். பிறகு மெல்ல, "முன்னாலை இருக்கு."

அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.

அவர் பெட்டியைக் கிண்டினார். ஆறு ஸ்பானரும் பக்கத்தால் பிடிப்பவை. ஏழாவது அடியில் கிடந்தது. கிண்ணம் மாதிரி, முன்னாலிருந்து கவிழ்த்துப் போடுவது. வாங்கிய அன்று, "கண்டறியாத தகர மூடி, பிள்ளையள் சோறு கறி ஆக்கி விளையாடத்தான் சரி" என்று பழித்தவர் இவர்தான். இப்போது அதைக் கவிழ்த்தார், நீட்டுத் தண்டைப் பூட்டினார், மூச்சைப் பிடித்துத் திருப்பினார். கிறீச்சென்றது. அசைந்தது.

"வந்திட்டுது ரீச்சர், வந்திட்டுது." அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அடியில் வைத்த தட்டில் ஒயில் வடிந்தது. கழன்று வந்த ஃபில்டரின் ரப்பர் வளையம் நசிந்து, ஓரிடத்தில் கிழிந்தே இருந்தது. சாருமதி அதை விரலால் தடவினாள்.

"இதை ஆர் பூட்டினது?"

"நான்தான். போன கிழமை."

"எதாலை?"

தவநேசன் சங்கிலி ஸ்பானரைப் பார்த்தார். "அப்ப புகைக்குழாய் பூட்டேல்லை, நல்லா இடம் இருந்தது. ஆலையிலை ஒழுகினால் இறுக்கு, பிறகும் ஒழுகினால் இன்னும் இறுக்கு எண்டுதான் பழக்கம். இருபத்தாறு வருசம்."

அவள் கராச்சிலிருந்து கொண்டுவந்திருந்த புதிய ஃபில்டரை எடுத்துக் கொடுத்தாள். அவர் வளையத்தில் ஒயில் பூசிவிட்டு, மறக்காமல் கிண்ண ஸ்பானரையும் கையில் எடுத்தார். அவள் அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு பெட்டியை மூடி, அதன் மேலேயே ஏறிக் குந்திவிட்டாள்.

"ரீச்சர், எதாலை பூட்ட?"

இன்னும் பதினொரு நிமிடம்.

தவநேசன் கையுறையைக் கழற்றினார். குளிர் நறுக்கென்று பிடித்தது. கையை முன்பக்கத்தால் நுழைத்து, விரல் நுனிகளால் ஃபில்டரைத் திருப்பினார்.

"வளையம் தொட்டிட்டுது."

"இன்னும் முக்கால் சுற்று."

திருப்பினார். "இறுக்கினது காணுமோ?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பிடி இறுக்கடா என்று தவநேசனின் கை அரித்தது. அந்தக் கிண்ணம் மட்டும் கையில் இருந்திருந்தால் இறுக்கியே இருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கையை வெளியே எடுத்தார்.

ஒயில் ஊற்றி எஞ்சினை எழுப்பினார். பரிசோதகர் புதிய கடதாசியை விரித்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கடையில் கொத்துச் சத்தம் நின்றுபோயிற்று, யோகமலர் ரொட்டி கொத்தும் தகடுகளைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். மூன்றாவது நிமிடம் பரிசோதகர் குனிந்து கடதாசியை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளை.

அவர் அதை மடித்துத் தவநேசனின் கையிலேயே கொடுத்தார். தவநேசனுக்குக் கண் கலங்கியது. துடைக்க நேரமில்லை. பதினான்கு வண்டிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன, பதினைந்தாவதாகப் போய் நின்றார். யன்னலுக்குள்ளால் பார்த்த ஐஸ் இப்போது அவர் காலுக்குக் கீழே அதிர்ந்தது.

சாருமதி பக்கத்தில் வந்து நின்றாள். கொடி உயர்ந்தது.

"ரீச்சர்," இரைச்சலுக்கு மேலால் கத்தினார், "அடுத்த முறை இதைக் கழட்ட என்ன ஸ்பானர் வாங்கட்டும்?"

அவள் அவருடைய வெறும் கையைப் பார்த்தாள்.

"கையுறையைப் போடுங்கோ அண்ணை. ஸ்பானர் விறைக்குது."