அரண்மனை வாசலில் கண் சோதனை

வெண்குன்றத்து அரசர் பராங்குசருக்கு ஒற்றர் பயம் வந்தாலும் வந்தது, அரண்மனையில் ஒருவரும் நிம்மதியாக வாசல் தாண்ட முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் கண் சாத்திரம் படித்த நயனாதித்தர்.

முகத்தை மாற்றலாம், குரலை மாற்றலாம், கண் போகும் வழியை மாற்ற முடியாது என்று அடித்துச் சொன்னார் அவர். தேர்த் திருவிழாப் படம் ஒன்றை எதிரே நிறுத்துவார். பார்ப்பவரின் கருவிழி தாவுகிற இடமெல்லாம் ஓலையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். ஒருவர் கோலம் இன்னொருவருக்கு வரவே வராதாம். முதலில் தமக்குச் சோறு பொங்கும் ஆவுடையாளைத் தம் கண்முன்னே சோதிக்கச் சொன்னார் அரசர்.

மறுநாள் காலை வாசலில் முதல் ஆளாக வந்த ஆவுடையாளின் கோலம் முந்தின நாள் ஓலையோடு ஒத்துப்போகவில்லை. இவள் வேடம் போட்ட ஒற்றச்சி என்றார் நயனாதித்தர். பொழுது சாய்வதற்குள் அவளை நாடு கடத்த உத்தரவாயிற்று. இருபது வருடம் பொங்கிப் போட்டவளுக்கு இந்த மரியாதை.

அரசவைப் புலவர் கூத்தையனுக்கு வயிறு எரிந்தது. காவலில் இருந்தவளிடம் போய் நேற்று படத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்.

"படத்தை எங்கய்யா பாத்தேன்? மகாராசா மொறைச்சுக்கிட்டு நின்னாக. அவுக மொகத்தையேதான் பாத்தேன். இன்னிக்கு வாசல்ல அவுக இல்ல, அதான் தேரு கண்ணுல பட்டுது."

கூத்தையன் நேரே சபைக்குப் போனார். சமையற்காரிக்கே சோதனை என்றால் பக்கத்தில் உட்காரும் அமைச்சர்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். அரசருக்கு அது நியாயமாகப் பட்டது.

அரசர் முன்னிலையில் எட்டு அமைச்சர்களும் வரிசையாக வந்தார்கள். நான்காவது ஓலையிலேயே நயனாதித்தருக்கு வியர்த்துவிட்டது. எட்டும் ஒரே கோலம். போதாததற்கு, ஆவுடையாளின் முதல் ஓலையில் இருந்த அதே கோலம். சாத்திரத்தை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "எட்டுப் பேரும் ஆவுடையாள்தான், அரசே," என்றார்.

"என்ன உளறல் இது?"

"உளறல் இல்லை, அரசே," என்றார் கூத்தையன். "படம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நேற்று அவளும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். அவள் பயத்தில் பார்த்தாள், இவர்கள் பழக்கத்தில் பார்க்கிறார்கள்."

அரசர் தாடியைத் தடவினார். "அப்படியானால் உண்மையான ஆவுடையாள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"சுலபம். ஒன்பது பேரையும் ரசம் வைக்கச் சொல்லுங்கள்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆவுடையாளை அந்த நிமிடமே அடுப்படிக்கு அனுப்பச் சொன்னார். அமைச்சர்கள் எட்டுப் பேரும் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு சிரித்தார்கள்.