கிருமி இல்லாத மொழிபெயர்ப்பு

ஈரோட்டில் செங்கோடன், மாரப்பன், ராசப்பன் என்று மூன்று பேர் மொழிபெயர்ப்பு ஆபீஸ் வைத்திருந்தார்கள். மூவருக்கும் ஜெர்மன் தெரியும், இங்கிலீஷும் தெரியும். மூளை மட்டும் மூவருக்கும் சேர்த்து ஒன்றுகூடத் தேறாது. மொழி தெரியாத முட்டாளாக இருந்தால் வேலையைத் தொட்டிருக்கவே மாட்டான். இவர்கள் தொட்டார்கள்.

பனீர் கம்பெனி நடத்தும் பாவாயி இவர்களிடம் வந்து மாட்டினாள். பாலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்க்க ஜெர்மன் மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். கூட வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். திங்கட்கிழமை உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வருகிறார். சோதனை முறை இங்கிலீஷில் இல்லையென்றால் கம்பெனிக்குச் சீல் வைத்துவிடுவார்.

"புத்தகத்துல இருக்கறபடியே செய்யுங்க தம்பிகளா. ஒண்ணையும் விட்டுறாதீங்க" என்றாள். பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் 'கையுறை மாட்டவும்' என்றிருந்தது. மாட்டினார்கள். அடுத்து, 'திறந்திருக்கும்போது மூச்சுக்காற்று படக்கூடாது.' மூச்சைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, ஒரு வரி படித்து, மூடிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். 'ஒவ்வொரு முறையும் கம்பியைத் தீயில் காட்டவும்' என்ற இடத்தில், கம்பி இல்லாததால் பேனாவைக் காட்டினார்கள். அது உருகி ராசப்பன் மடியில் சொட்டியது.

"பொறுத்துக்கடா, கிருமி சாகுது" என்றான் மாரப்பன்.

பிறகு 'கெசாம்ட்கைம்ட்சால்' என்று ஒரு சொல் வந்தது. மொத்தக் கிருமி எண்ணிக்கை என்று அர்த்தம். அதுவரை சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

"எண்ணிக்கைன்னு மொட்டையா எழுதுனா, எத்தனைன்னு ஆபீசர் கேக்க மாட்டாரா?" என்றான் செங்கோடன்.

"கேப்பாரு. எண்ணித்தான் எழுதோணும்" என்றான் மாரப்பன்.

ராசப்பன் பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் சொல்லில் எழுத்து எழுத்தாகக் கிருமியைத் தேடினான். "ஒரு கிருமிகூட இல்லியே!"

எனவே அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் இங்கிலீஷில் 'ஜீரோ' என்று எழுதினார்கள். இந்த லட்சணத்தில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள் வேறு.

நடுப்பக்கத்தில், 'பால் ஊற்றிய தட்டை மூடிக் கதகதப்பான இடத்தில் வைக்கவும். இரண்டு நாள் திறக்கக்கூடாது' என்றிருந்தது. தட்டு ஏது? புத்தகத்தை மூடி, துண்டில் சுற்றி, கீழே இருந்த டீக்கடை பாய்லர் பக்கத்தில் வைத்தார்கள்.

"எது வரைக்கும் வந்திருக்குது?" என்று பாவாயி போனில் கேட்டாள்.

"நல்லாக் கதகதப்பா இருக்குதுங்க அக்கா."

இரண்டு நாள் கழித்துத் திறந்து, ஒருவழியாகக் கடைசி வரிக்கு வந்தார்கள். 'வேலை முடிந்ததும், பயன்படுத்திய எல்லாவற்றையும் பிரஷர் குக்கரில் வேகவைத்து அழிக்கவும்.'

"நாம எழுதுன பேப்பரும் பயன்படுத்துனதுதானே?" என்றான் ராசப்பன்.

"புத்தகமும்தான். ஒண்ணையும் விடாதீங்கன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க" என்றான் செங்கோடன்.

திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் குக்கரைத் திறந்து காட்டினார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ்.

"இங்கிலீஷ் எங்கடா?" என்றாள் பாவாயி.

"இதுதானுங்க அக்கா. ஒரு கிருமி இருக்காது."

பாவாயிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீசர் இரக்கமுள்ள மனுஷர். "சரிங்கம்மா, இன்னும் ரெண்டு நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள வரலைன்னா சீல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஜெர்மன் தெரிந்தவர்கள் வேறு யாரும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலையெழுத்தை நொந்துகொண்டே, புத்தகத்துக்கு முன்பே எடுத்து பீரோவில் வைத்திருந்த ஜெராக்ஸ் பிரதியை எடுத்துவந்து செங்கோடன் கையில் திணித்தாள்.

"ரெண்டே நாளுதாண்டா! ஞாபகம் வெச்சுக்க!"

"அதை மறப்பமாங்க அக்கா?" என்றான் செங்கோடன்.

மூவரும் பிரதியைத் துண்டில் சுற்றி, பாய்லர் பக்கத்தில் வைத்து, காவலுக்கு உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த பாவாயி அதைப் பிடுங்கப் போனாள். மாரப்பன் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தான்.

"ஐயோ, தொடாதீங்க அக்கா! ரெண்டு நாளைக்குத் திறக்கவே கூடாதுங்க!"