வெயிலாள் காய்ச்சிய வாய்க்கட்டு

அந்தக் காலத்தில் பேச்சு என்பது மனிதர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தாக இருக்கவில்லை. காக்கை ஊர்க்கதை பேசும். எருமை வேலைக்கு வராமல் இருக்க நாளுக்கொரு சாக்குச் சொல்லும். ஆடு எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பண்ணும். இதையெல்லாம் எப்படியோ சகித்துக்கொண்டு மனிதர்கள் காலத்தை ஓட்டினார்கள். புலி பேசியதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை.

ஏனென்றால் புலிக்குச் சொந்தக் குரல் கிடையாது. யாரைத் தின்றதோ அவருடைய குரல் அதன் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு செத்தவருடைய வீட்டு வாசலுக்கே வந்து, செத்தவர் குரலிலேயே கூப்பிடும். மூன்று தரம் கூப்பிடும். உள்ளே இருப்பவர் வாய் திறந்து ஒரே ஒரு சொல் பதில் சொன்னால் போதும், அவருடைய கால் தானாக வெளியே நடந்துவிடும். நாலு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிற்காது. பதில் வராவிட்டால் மட்டும் புலி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இந்த வரத்தைக் கொடுத்த மலைச்சாமி போட்டிருந்த ஒரே நிபந்தனை அதுதான். நல்ல வரம், நல்ல சாமி. செத்துப்போன பிள்ளை வாசலில் நின்று அம்மா என்றால் எந்தத் தாய் பேசாமல் இருப்பாள்?

மலையடிவாரத்துப் பனங்காட்டில் பத்துப் பன்னிரண்டு ஓலைவீடுகள் இருந்தன. ஐப்பசி பிறந்து அடைமழை இறங்கினால் பட்டப்பகலிலேயே அங்கே இருட்டிவிடும். அந்த இருட்டில்தான் புலி மலையைவிட்டு இறங்கும். ஜனங்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பார்கள். அதனால் என்ன பயன்? வாயைக் கட்டிய கை சும்மாதானே இருக்கிறது. பிரியமானவர் குரல் கேட்டதும் அதே கை துண்டை அவிழ்த்துவிடும். அந்த ஐப்பசியில் மட்டும் நாலு வீடுகள் காலியாகிவிட்டன.

ஐந்தாவதாகப் போனவன் நல்லமாடன். பனையேறி. போன வருஷம் புலி தின்ற அண்ணன் குரலில் யாரோ தோப்புக்குள் கூப்பிட, தன்னை மறந்து, “என்னண்ணே” என்று கேட்டுவிட்டான். பனையின் அடிமூட்டில் அவனுடைய அரிவாள் மட்டும் கிடந்தது.

அவன் பெண்டாட்டி வெயிலாள் அழக்கூட இல்லை. அழுதால் ஆறு வயது மகள் குருவம்மாள் ஏன் என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை. ஐயா கருப்பட்டி விற்கத் தூரத்து ஊருக்குப் போயிருக்கிறார், நாலு நாளில் வந்துவிடுவார் என்று பிள்ளையிடம் சொல்லிவைத்தாள். பொய் வாயைவிட்டுப் போன பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. அப்பன் வருவான் என்று காத்திருக்கும் பிள்ளை, அப்பன் குரல் கேட்டால் என்ன செய்யும்? அதுவும் குருவம்மாள். பக்கத்து வீட்டு ஆடு கத்தினால்கூட உள்ளேயிருந்து பதில் கொடுக்கிறவள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசி எழுந்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை ஊற்றியது. கோடையில் காய்ச்சிப் பானையில் அடுக்கிய கருப்பட்டி மழைக்காலத்து ஈரத்தில் கசிந்து ஒழுகும். அதை அப்படியே விட்டால் வீணாகிவிடும் என்று ஐப்பசியில் எல்லா வீட்டிலும் மறுபடி அடுப்பேற்றி, சுக்குத் தட்டிப்போட்டு, உருண்டை பிடித்து வைப்பார்கள். வெயிலாளும் சட்டியை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். கைதான் கிண்டியது. காது முழுக்க வெளியே இருந்தது. மழையோடு ஓலை சரசரத்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. இப்படி இருந்தால் பதம் எங்கே தெரியும்? நினைவு வந்து ஒரு சொட்டைச் சிரட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது பாகு முற்றிப்போயிருந்தது. அவசரமாகக் கையை நனைத்து நாலைந்து உருண்டை பிடித்தாள். விரலில் ஒட்டியது பிய்க்க வரவில்லை, பிசினே தோற்றுப்போகும்.

அவள் கையைக் கழுவத் திரும்பிய நேரத்தில் குருவம்மாள் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு ஒரே கடியாகக் கடித்துவிட்டாள். அவ்வளவுதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. கண்ணை உருட்டிக்கொண்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவந்தாள். வெயிலாள் பதறிப்போய்ப் பிள்ளையின் வாய்க்குள் விரலைவிட்டு நெம்பப் பார்த்தாள்.

அப்போது வாசலில் குரல் கேட்டது.

“குருவு, ஐயா வந்திருக்கேன்.”

அதே குரல். பனையைவிட்டு இறங்கியதும் அவன் மகளைக் கூப்பிடுகிற அதே இழுப்பு. வெயிலாளுக்கு வந்திருப்பது எது என்று புரிந்துவிட்டது. நெம்பிக்கொண்டிருந்த விரலை மெல்ல வெளியே எடுத்தாள். திறக்கவில்லையே என்று ஒரு நிமிஷத்துக்கு முன் அவள் பதறிய அந்த வாய் இப்போது திறந்துவிடக் கூடாதே என்று உலகத்துத் தெய்வத்தையெல்லாம் வேண்டினாள்.

குருவம்மாளுக்குப் பதில் சொல்லத்தான் ஆசை. நெஞ்சு விம்மியது, தொண்டையில் முனகல் வந்தது, சொல் வரவில்லை. சொல் வராததால் அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு வாசலுக்கே ஓடினாள். வாசலை மறைத்த ஓலைப்படலுக்குக் கீழே ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி இருந்தது. ஐயா கால் தெரிகிறதா என்று குப்புறப் படுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கிடந்தாள். பிறகு சத்தமில்லாமல் பின்னாலேயே நகர்ந்து வந்தாள். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்திருந்தால் வெயிலாளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். வெயிலாள் பார்க்கவில்லை. இரண்டாவது கூப்பாடு வந்துவிட்டது. இந்தத் தரம் அது அவளுக்கு.

“ஏளா வெயிலா, நனஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்கேன். ஒரு வார்த்த பேசமாட்டியா?”

மகள் பேசிவிடுவாளே என்று ஐந்து நாளாகப் பயந்தவள், தன்னைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பயப்படவில்லை. இப்போது அவள் கண் நிறைந்தது. புலி என்பது மறந்துபோனது. மழையில் நிற்கிறவன் மட்டும்தான் மனசில் நின்றான். அவனுக்குக் குளிர் ஆகாது, சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். வந்துட்டேன் என்று சொல்ல அவள் வாய் திறந்தது.

திறந்த வாய்க்குள் குருவம்மாள் ஓர் உருண்டையைத் திணித்தாள். திணித்த கையால் அம்மாவின் தாடையை மேலே தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேசித் தடுக்க அந்தப் பிள்ளைக்கு வழியில்லை. இதைத்தான் செய்யத் தெரிந்தது.

வெயிலாளின் பல் ஒட்டிக்கொண்டது. சொல் உள்ளேயே நின்றுபோனது. மகள் படலுக்குக் கீழே விரலைக் காட்டினாள். மஞ்சள் காலும் சேற்றில் பதிந்த நகமும் அப்போதுதான் தாயின் கண்ணுக்குப் பட்டன.

உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறது, பதில் வரவில்லை. புலிக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது கூப்பாட்டைக் கிட்டத்தில் இருந்து போடலாம் என்று இடைவெளியில் முகத்தைத் திணித்தது. காலெடுத்து வைக்கத்தானே கூடாது, முகத்தை வைக்கலாமே என்று அதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம். சிவந்த நாக்கும் அதற்குப் பின்னால் கருத்த தொண்டையும் வெயிலாளுக்குத் தெரிந்தன. அந்தத் தொண்டைக்குள்ளிருந்துதான் அவள் புருஷன் பேசினான்.

“ஏளா வெயி…”

அவள் அடுப்புச் சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கி, கொதிக்கும் பாகு முழுவதையும் அந்த வாய்க்குள் ஊற்றிவிட்டாள். தயங்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். தன் பேரின் மிச்சத்தையும் அவன் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு கணம் அவள் கை நின்றது. மகளைப் பார்த்த பிறகுதான் ஊற்றினாள்.

புலி அலறவில்லை. அலற வாய் வரவில்லை. நாக்கும் பல்லும் தொண்டையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ள, மண்டையை மரத்தில் மோதிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடியது. அது பட்ட பாட்டைப் பார்த்த காக்கையும் எருமையும் ஆடும், நமக்கும் இந்தப் பாகு எதற்கு என்று அன்றோடு பேச்சை விழுங்கிக்கொண்டன.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் உருண்டை கரைந்து இருவருக்கும் வாய் திறந்தது. குருவம்மாள்தான் முதலில் பேசினாள்.

“எம்மா, அது ஐயா இல்ல.”

“கொரலு ஐயாவோடதுதாம்டி” என்றாள் வெயிலாள். “அதையுஞ் சேத்துல்லா நான் அடச்சிட்டேன்.”

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. ஐந்து நாளாக அடக்கிவைத்திருந்த அழுகையை அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குருவம்மாள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பனங்காட்டில் எல்லா அடுப்பிலும் கருப்பட்டிப் பாகு பதம் தவறிக் கொதித்தது. வேண்டுமென்றே தவறவிட்டார்கள்.

அன்று முதல்தான் புலி என்ன சொல்ல வந்தாலும் அது உறுமலாகவே வெளியே வருகிறது. அன்று முதல்தான் ஐப்பசி மழைக்குப் பிடிக்கும் அந்தக் கருப்பட்டி உருண்டைக்கு வாய்க்கட்டு என்று பேர். அங்கே இன்றைக்கும் முதல் உருண்டையைத் தாய் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, பிள்ளைதான் தாயின் வாயில் வைக்கிறது. வைத்துவிட்டு, பல் ஒட்டும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.