இரவுத்தாயின் அடங்காப் பிள்ளைகள்

முன்னொரு காலத்தில், தேவர்களும் மனிதர்களும் அக்கம்பக்கத்தார் போலப் பழகிய காலத்தில், கிரேக்க நாட்டுக் கடலோரத்தில் மெலிட்டா என்றொரு ரொட்டிக்காரி இருந்தாள். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்த அவள் கணவன் பைடோன் எழுந்திருக்கவே இல்லை. உலுக்கினாள், கத்தினாள், குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். ம்ஹூம்! ஒரு வாரத்தில் ஆள் பாதியாய் இளைத்துவிட்டான்.

"அட கஷ்டகாலமே! தூங்க வச்சவனையே போய்க் கேக்கறேன்!" என்று கிளம்பிவிட்டாள்.

தூக்கதேவன் ஹிப்னோஸ், இரவுத்தாய் நிக்ஸின் மகன். மெலிட்டா மலை தாண்டி, காடு தாண்டி, மூன்றாம் நாள் உச்சிவெயிலில் உலகத்தின் மேற்கு ஓரத்திலிருந்த கருங்கல் வீட்டை அடைந்தாள். இரவுத்தாய் பகலில்தானே வீட்டில் இருப்பாள்!

வாசலிலேயே மறித்தான் இன்னொரு மகன், குறைசொல்லி மோமோஸ். "கதவைத் தட்டற லட்சணமா இது? தலையைப் பாரு, செருப்பைப் பாரு!"

"அட கஷ்டகாலமே! எப்படித் தட்டணும்னு நீயே காட்டு."

அவன் வெளியே வந்து தட்டினான். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே சண்டைக்காரி எரிஸ், ஒரு பொன்னிற ஆப்பிளை ஆட்டிக்கொண்டு நின்றாள். "உங்கள்ல யார் உசத்தியோ அவங்களுக்குத்தான்!" அவள் தம்பிமார்களான கனவுகள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்திழுத்துக் கொண்டிருந்தார்கள்.

"அட கஷ்டகாலமே! எனக்கு மூணு நாளாப் பட்டினி" என்று மெலிட்டா அதைப் பறித்துக் கடித்துத் தின்றே விட்டாள். சண்டை போட ஒன்றுமில்லாமல் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள்.

உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள் இரவுத்தாய். கண்ணெல்லாம் சிவப்பு. "சத்தத்தையே காணோமே! யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லேம்மா. இப்பதான் கிளம்பறேன்" என்றான் மரணதேவன் தனட்டோஸ், செருப்பு மாட்டியபடி. "பைடோன்னு ஒருத்தன். பத்து நாளா சாப்பிடலையாம்."

மெலிட்டா ஓடிப்போய் இரவுத்தாயின் காலைப் பிடித்தாள். "அது என் புருஷன், தாயே! உங்க பிள்ளை தூங்க வச்சதோட சரி, எழுப்பவே இல்லை!"

இரவுத்தாய் மூலையில் குறட்டைவிட்ட ஹிப்னோஸின் காதைத் திருகினாள். "டேய்! ஆளைத் தூங்க வைக்கிற கசகசாப் பூ எங்கே?"

"அவன் தலைகாணிக்கு அடியில... எடுக்க மறந்துட்டேன்மா... தூக்கம் வந்துடுச்சு..." மறுபடி குறட்டை.

இரவுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ராவெல்லாம் உலகத்தைப் போர்த்திட்டு வந்தா, இதுகளால ஒரு பொட்டுக் கண்மூட முடியலே. நீ எப்படிம்மா அடக்கினே?"

"பொறுமை போயிடுச்சு தாயே, அவ்வளவுதான்."

இரவுத்தாய் அந்த யுகத்திலேயே முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "தனட்டோஸ், செருப்பைக் கழட்டு. இவ வீட்டுப் பக்கம் அம்பது வருஷம் போகாதே!" என்று சொல்லி, தன் கருந்துகிலை மெலிட்டா மேல் வீசினாள். கண் திறந்தால் அவள் சொந்த வீடு!

பைடோனின் தலையணையடியில் இருந்த பூவை எடுத்துக் கடலில் வீசினாள் மெலிட்டா. பைடோன் சோம்பல் முறித்தான். "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல. சாப்பாடு ஆச்சா?"

மெலிட்டா அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே முதுகில் இரண்டு குத்து விட்டாள்.

"ஆகலே! எழுந்து வந்து மாவைப் பிசை!"

அவன் பிசைந்தான், அவள் சுட்டாள், இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நல்லவள் வீடும் விடிந்தது, நம் கதையும் முடிந்தது.