ஒன்பது பேர் வேண்டும்

ஜல்… ஜல்ஜல்… ஜல்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. மாட்டு மணியும் இல்லை, கொலுசும் இல்லை. வயிற்றுக்குள்ளே மணியை வைத்துக்கொண்டு கனமாக ஒன்று ஓடுகிற சத்தம். பிறகு தொப்பென்று ஓர் உடம்பு தரையில் விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

கோமதிநாயகம் அரங்கத்தின் கதவுக்கு வெளியே நின்றார். ஆட்டம் நடக்கும்போது உள்ளே போகக் கூடாது. செருப்பு உரசக் கூடாது, இருமக் கூடாது. பார்வையற்றவர்கள் காதால் ஆடுகிற ஆட்டம் அது. கோல்பால் என்று பெயர். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லார் கண்ணிலும் கறுப்புப் பட்டை. பந்துக்குள்ளே மணி. அது வரும் திசையைக் கேட்டு, குறுக்கே விழுந்து, உடம்பால் மறிக்க வேண்டும்.

அவருக்கோ வாய் நிறையச் சேதி. மைக் செட் தொழில் அவருக்கு. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று முப்பது வருஷமாகப் பாளையங்கோட்டையை அதிர வைத்தவர். சேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பது, சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

விசில் ஊதியது. கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்.

"டீச்சர், ஒன்பது பேரும் ஆச்சு."

பிலோமினா டீச்சர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே ஆடுகிற ஊர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். பிறவியிலேயே பார்வை கிடையாது. வயது முப்பத்தெட்டு. கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தேழு. மூன்று வருஷம் முன்னால் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்தவர், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். எதையாவது கேட்பார். டீச்சர் சில சமயம் பதில் சொல்வார், சில சமயம் சொல்ல மாட்டார். ஊரில் யாராவது கேட்டால், "அவங்க என் குரு" என்பார் கோமதிநாயகம். குரு அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

அடுத்த வருஷம் பன்னிரண்டு நாட்டு அணிகள் ஆறு நாள் விளையாடும் போட்டி. அதை எங்கள் ஊரில் நடத்துகிறோம் என்று டீச்சர் எழுதிக் கேட்டிருந்தார். சர்வதேசச் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. சம்பளமில்லாமல் பொறுப்பேற்க ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு வேண்டும். சங்கத்தின் பிரதிநிதி சனிக்கிழமை காலை வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் போட்டி வேறு ஊருக்குப் போய்விடும். ஆள் பிடிக்கிற வேலையைக் கோமதிநாயகத்திடம் விட்டிருந்தார் டீச்சர். இன்று வியாழக்கிழமை.

கோமதிநாயகம் கையிலிருந்த தாளில் ஒன்பதாவது இடத்தில் முதலில் தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். அவருக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் டீச்சர் சொல்லாமல் நாமே எழுதிக்கொள்வதா என்று கூச்சப்பட்டு அடித்துவிட்டு, ஒரு ரிட்டயர்டு தாசில்தாரைப் போட்டிருந்தார்.

"ரெண்டே நாள்லயா?" என்றார் டீச்சர்.

"ரெண்டே நாள். ஒருத்தரும் லேசுப்பட்டவர் இல்லை. நகைக்கடை ஆவுடையப்பன், ரைஸ் மில் முதலாளி, தாசில்தார். லெட்டர்பேடுல அச்சடிச்சா தாளே கனக்கும் டீச்சர்."

"என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"அதுலதான் இருக்கு சூட்சுமம். எடுத்த எடுப்பில வேலை ஒண்ணும் கிடையாதுன்னுட்டேன். உங்க பேரு இருந்தாப் போதும் சார், எப்பவாவது ஒரு கையெழுத்து, போட்டி அன்னைக்கு மேடையில நாற்காலி, ஒரு பொன்னாடை. மடமடன்னு சரின்னுட்டாங்க."

"நல்லது. செருப்பைக் கழட்டுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"உபைது தண்ணி குடிக்கப் போறான். அவன் இடத்துல நில்லுங்க."

கோமதிநாயகம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணில் பட்டையைக் கட்டி, தோளைப் பிடித்துக் கொண்டுபோய் கோலுக்கு முன்னால் நடுவில் நிறுத்தினார். காதோரம் குனிந்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நின்னாப் போதும்" என்றார்.

இரண்டு பக்கமும் பேச்சிமுத்துவும் ராசையாவும் மண்டியிட்டிருந்தார்கள். விசில் ஊதியது.

ஜல்ஜல்ஜல். பந்து அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. கோல். அடுத்தது இந்தப் பக்கம். கோல். மூன்றாவது பந்துக்கு ராசையா தன் இடத்தை விட்டுப் பாய்ந்து வந்து அவர் கணுக்காலில் மோதி, "அய்ய, ஆள் நிக்காருல்லா" என்று முனகினான். நான்காவது கால்களுக்கு நடுவிலேயே போனது. கருங்கல் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"வெளியே வாங்க அண்ணாச்சி. ரெண்டு பேரே ஆடட்டும்."

பட்டையை அவிழ்த்துவிட்டுச் சுவரோரம் நின்று பார்த்தார். அதே எதிரணி, அதே வேகம். இரண்டு பேரும் இடைவெளியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு, நீளமாக விழுந்து விழுந்து மறித்தார்கள். ஐந்து பந்தில் ஒன்றுதான் உள்ளே போனது.

பேச்சிமுத்து எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். "நீங்க இல்லைன்னா இல்லைன்னு நாங்க பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி. நீங்க இருந்துக்கிட்டே இல்லாம இருக்கீக. அதை எந்தப் பக்கம் பாக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கோமதிநாயகம் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.

"உங்ககிட்ட மாட்டேன்னு சொன்னவங்க உண்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"அஞ்சு பேரு. அதுகளை விடுங்க டீச்சர், கூறு கிடையாது. வேலையே இல்லைன்னு சொல்லியும் வரமாட்டேங்காங்க."

"என்ன சொல்லி மறுத்தாங்க?"

"என்ன வேலைன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னேன். அப்ப நான் எதுக்குன்னு…"

மடித்த தாளை மெல்லப் பிரித்தார்.

டீச்சர், "வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து அணிகளை அழைத்து வர ஒருவர். தங்கும் இடத்தில் ஒவ்வொரு குளியலறைக்குள்ளும் போய்த் தடவிப் பார்க்க ஒருவர். அடிபட்டால் பார்க்க ஒருவர். பன்னிரண்டு நாட்டு நாக்குக்கும் சோறு போட ஒருவர். எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள். பொன்னாடை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாக டிராவல்ஸ் சுடலைமுத்து. சின்ன வயதில் போலியோ வந்தவர். தன் வேனில் சக்கர நாற்காலியோடு ஏற, தானே பலகை செய்து மாட்டிக்கொண்டவர். முந்தின நாள் மறுத்த ஐந்து பேரில் ஒருவர்.

"திரும்பவும் வந்துட்டீரா? நான்தான் சொன்னேன்லா வே. பேருக்கு நிக்க நமக்கு வராது. நமக்கு நிக்கவே வராது."

"நேத்து பொய் சொல்லிட்டேன். வேலை இருக்கு. நூத்திருபது பேரு மதுரையில வந்து இறங்குவாங்க. அத்தனை பேரையும் இங்க கொண்டாரணும். திருப்பிக் கொண்டுபோய் விடணும்."

சுடலைமுத்து நாற்காலியை ஒரு சுற்று சுற்றினார். "எத்தனை பேரு ஒரே நேரத்துல வருவாங்க? நாயைக் கூட்டிட்டு வருவாங்களா?"

"நாயா?"

"வெளிநாட்டுல பார்வையில்லாதவங்க நாய் வச்சிருப்பாங்க வே. நாய்க்கும் சீட்டு வேணும்லா. இதுகூடத் தெரியாம ஆள் பிடிக்க வந்துட்டீரு. உக்காரும், டீ சொல்லுதேன்."

கோமதிநாயகத்துக்கு உடம்பு ஜிவ்வென்று ஆனது. டீயை நின்றபடியே குடித்துவிட்டு வண்டியை உதைத்தார். எலும்பு டாக்டர் மெஹருன்னிசா, "ஆறு நாளும் நானே அங்க இருக்கணும்ல? அப்ப சரி" என்றார். விடுதி நடத்துகிற அம்மாள் குளியலறைகளைப் பார்க்க அந்த நிமிஷமே கிளம்பி நின்றார். மத்தியானத்துக்குள் மறுத்த ஐந்து பேரும் வந்தாயிற்று.

பிறகு தலையாட்டிய ஒன்பது பேரிடம் போனார். இங்கேதான் கால் கூசியது. தாசில்தார் வாரத்துக்கு இரண்டு நாள் என்றதும் முதுகுவலி என்றார். ரைஸ் மில் முதலாளி போனிலேயே முடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பெயரை அடித்துக்கொண்டே வந்தார். நகைக்கடை ஆவுடையப்பன் பெயரை வீட்டுக்குள் நுழையும் முன்பே அடித்துவிட்டார். ஆவுடையப்பன் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நிஜமாவே வேலை இருக்கா?" என்றார்.

"இருக்கு சார். சாப்பாட்டுப் பொறுப்பு. கஷ்டம்தான்."

"கடையை மகன் எடுத்துக்கிட்டான். ஒரு வருஷமா காலையில சட்டையைப் போட்டுட்டு எங்க போகன்னு தெரியாம உக்காந்திருக்கேன் வே. இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கோமதிநாயகம் அடித்த பெயரை அவர் பார்க்காமல் திரும்ப எழுதினார்.

பழைய ஒன்பதில் மூன்று பேர் மிஞ்சினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் எட்டு. டீச்சருக்குப் போன் போட்டார்.

"ஒண்ணு குறையுது டீச்சர்."

"ம்."

"சங்கத்து ஆளு காலையில வந்துருவாங்க. அதுக்குள்ள யாரையாவது பேருக்கு…"

"ம்?"

"நான் ஒண்ணும் சொல்லலை. வச்சிடுதேன்."

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தின் பிரதிநிதி வந்தார். சிங்கப்பூர்க்காரர். சுகுணவதி என்று பெயர், நல்ல தமிழ். எட்டுப் பேருக்கு எதிரில் ஒரு சாதா நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதிநாயகம் இரண்டு மைக்கும் நான்கு ஸ்பீக்கரும் கட்டி வைத்திருந்தார். யாரும் தொடவில்லை.

சுகுணவதி எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்டார். "நீங்க என்ன செய்யப் போறீங்க?"

எட்டுப் பேரும் சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் சண்டையே வந்துவிட்டது. அரங்க வாசலில் என் வேன்தான் நிற்கும் என்றார் சுடலைமுத்து. ஆம்புலன்ஸ்தான் நிற்கும் என்றார் மெஹருன்னிசா. "உங்க வண்டி வந்தாத்தானே டாக்டரம்மா அடிபட ஆளே வருவாங்க" என்று ஆவுடையப்பன் எதையோ மாற்றிச் சொல்லப் போக, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுகுணவதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கோமதிநாயகத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒன்பது பேர்னு கேட்டிருந்தோமே" என்றார் சுகுணவதி.

"ஒன்பதாவது ஆள் இருக்கார். இன்னும் கேக்கலை" என்றார் டீச்சர்.

"நீங்க அவரைக் கேக்கலையா?"

"அவர் என்னைக் கேக்கலை."

சுகுணவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கு நான் மதுரைக்குக் கிளம்பணும். அதுக்குள்ள பேர் வந்தா இங்கேயே கையெழுத்துப் போட்டுடுவேன். வரலைன்னா, மன்னிச்சுக்குங்க, அடுத்த ஊரைப் பார்க்கணும்."

எல்லாரும் அவரை ஆவுடையப்பன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். பலகை இறங்கி ஏறுகிற சத்தமும் சிரிப்புமாக வேன் கிளம்பிப் போனது. அரங்கத்தில் டீச்சரும் கோமதிநாயகமும் மட்டும் இருந்தார்கள்.

கோமதிநாயகம் மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். மணி பன்னிரண்டே கால்.

"தாசில்தாரை இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கட்டுமா?"

டீச்சர் கை நீட்டிப் பந்தை எடுத்தார்.

"என் மச்சினன் ஒருத்தன் இருக்கான். நல்லாப் பேசுவான்."

டீச்சர் பந்தை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி மெல்ல அசைந்தது.

கோமதிநாயகத்தின் கை நின்றது. மூன்று வருஷமாக என்னென்னவோ கேட்டிருக்கிறார். இதைக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. சுற்றிய வயரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், அந்த ஒன்பதாவது ஆளுக்கு என்ன வேலை?"

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார்.

"ஆறு நாளும் நாலாயிரம் பேரு வந்து உக்காருவாங்க அண்ணாச்சி. பந்து ஓடும்போது ஒரு மூச்சு கேக்கக் கூடாது. நம்ம ஊர்க்காரனே கோல் போட்டாலும் விசில் ஊதுற வரைக்கும் ஒருத்தரும் கை தட்டக் கூடாது. அதைப் பாத்துக்கணும்."

"மைக்குல சொல்லிச் சொல்லி அடக்கிடலாம்."

"பந்து ஓடும்போது மைக் ஏது?"

"சரிதான். அப்ப நாலாயிரம் பேரை எப்படி டீச்சர்…"

"அதுதான் வேலை."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். நான்கு ஸ்பீக்கரையும் பார்த்தார். எதிரே காலியாகக் கிடந்த வரிசை நாற்காலிகளைப் பார்த்தார். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார். வாயை மூடினார்.

டீச்சர் காத்திருந்தார். மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் அது மட்டுமே கேட்டது.

டீச்சர் போனை எடுத்துச் சுகுணவதியை அழைத்தார்.

"ஆள் வந்தாச்சு" என்றார். "எழுதிக்குங்க. கோமதிநாயகம்."

கோமதிநாயகம் குனிந்து, மிச்ச வயரை எடுத்து, முனையிலிருந்த பிளக் தரையில் உரசாமல் கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றத் தொடங்கினார்.