தகட்டின் அடியில் பொறித்த பெயர்

லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு சந்தில் பென்னிக் என்ற செதுக்கோவியரின் பட்டறை இருந்தது. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கிழித்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, அதிலிருந்து படங்களை அச்செடுப்பது அவர் தொழில். அவருடைய சீடர் டாரன்ட். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், நாற்பது வயதில் வேலையை உதறிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தார்.

பல வருஷங்கள் டாரன்ட் பாலங்களையும் படகுகளையும் செதுக்கினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் காலையில், ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பி சரிந்து, வாய் திறந்து கிடந்தது. டாரன்ட் நின்ற இடத்திலேயே வரைந்துகொண்டு போனார். பட்டறையில் அதைத் தகட்டில் செதுக்கி, படத்துக்கு அடியில் ‘குடிகாரி’ என்று பொறித்தார்.

அந்தப் படம்தான் அவரை ஊருக்குத் தெரிய வைத்தது. கண்காட்சியில் அதன் முன்னால் கூட்டம் நின்றது. கடை ஜன்னல்களில் மாட்டினார்கள். வரைந்தவருக்குக் கருணை நிறைந்த கண் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

பென்னிக் வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், அந்தப் பெண் பட்டறைக்கு வந்தாள்.

“நான் குடிப்பதில்லை,” என்றாள்.

டாரன்டுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் அடையாளம் தெரிந்தது.

“என் தங்கைக்குக் கடுமையான காய்ச்சல். ராத்திரி பூராவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் வெளியே இருக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் கடையில் உங்கள் படத்தைப் பார்த்தார். குடிப்பவள் கையில் குழந்தையைக் கொடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்.”

சுவரில் அந்தப் படம் தொங்கியது. அவள் அதையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் தொப்பியை நேராக்கிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

பென்னிக் திரும்பி வந்தபோது டாரன்ட் எல்லாவற்றையும் சொன்னார். தலை நிமிரவில்லை.

“கடைகளிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தகட்டையும் உடைத்துவிடப் போகிறேன்.”

“உடைத்தால் யாருக்கு நிம்மதி?”

டாரன்ட் யோசித்தார். “எனக்கு.”

பென்னிக் தகட்டை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் சுரண்டியை வைத்தார். “அந்த எழுத்துகளை மட்டும் எடு.”

டாரன்ட் சுரண்டினார். ஆழமாகப் பொறித்த எழுத்துகள், லேசில் போகவில்லை. எழுத்து போன இடம் குழியாயிற்று. தகட்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டி, குழியை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு தேய்த்து மெருகேற்ற வேண்டும். மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. விரல்கள் வீங்கிவிட்டன. பென்னிக் ஜன்னலோரம் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயிற்று, ஐயா. இனி என்ன பொறிப்பது? ‘களைப்பு’ என்று போடலாமா?”

பென்னிக் தம் தகட்டில் இன்னொரு கோடு கிழித்தார்.

“‘உறங்கும் பெண்’?”

“அவளுக்குப் பெயர் இல்லையா?”

டாரன்டின் காதுகள் சிவந்தன. “கேட்கவில்லை.”

“தங்கை பிழைத்தாளா?”

“அதையும் கேட்கவில்லை.”

பென்னிக் ஊசியைக் கீழே வைத்தார்.

“அந்த வீட்டு அம்மாளிடம் நானே போய் உண்மையைச் சொல்கிறேன்,” என்றார் டாரன்ட் அவசரமாக. “அவளை மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.”

“எந்த வீடு?”

டாரன்ட் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவும் சொல்லிக்கொண்டு உன் எதிரில் நின்றாளே. நீ எதுவுமே கேட்கவில்லையா?”

“ஒன்று கேட்டேன், ஐயா.”

“என்ன?”

டாரன்ட் சுரண்டியைக் கையில் எடுத்து, மறுபடியும் கீழே வைத்தார்.

“இந்த விலாசத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன்.”

“என்ன சொன்னாள்?”

“யாரும் கொடுக்கவில்லையாம். கடை கடையாக ஏறி விசாரித்தாளாம்.”

பென்னிக் எழுந்து வந்தார். தகட்டைத் துணியில் சுற்றினார். அலமாரியில் வைத்தார். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து டாரன்டிடம் நீட்டினார்.

டாரன்ட் கோட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“இவ்வளவு பெரிய ஊரில் அவளை எங்கே போய்த் தேடுவேன், ஐயா?”

“அவள் உன்னைத் தேடினாளே,” என்றார் பென்னிக்.